அமைனை இனங்காண ஹின்ஸ்பேர்க்கா, நைத்திரசு அமிலமா?

கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனம் சொல்லிக்கொடுக்கிறேன். நைத்திரசனோடு ஒரு காபன் கூட்டம் இணைந்தால் முதல், இரண்டு என்றால் வழி, மூன்று என்றால் புடை அமைன்; இவற்றைப் பிரித்தறியும் செய்முறைக்கு எதை வைத்துக்கொள்வது என்று அண்மையில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பரீட்சைக்கு நைத்திரசு அமிலத் தாக்கம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் பிள்ளைகள் கையால் செய்ய நான் தெரிவுசெய்தது, அமைனைப் பென்சீன்சல்போனைல் குளோரைட்டுடன் குலுக்கிப் பார்க்கும் ஹின்ஸ்பேர்க் சோதனை. கார்பைலமைன் சோதனை போட்டியிலேயே இல்லை. அது முதல் அமைனை மட்டுமே காட்டும். அதில் உண்டாகும் ஐசோசயனைட்டின் நாற்றத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிடுவார்.

நைத்திரசு அமிலத்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அற்கைல் முதல் அமைன், அதாவது பென்சீன் வளையம் இல்லாத சாதாரண காபன் சங்கிலியில் அமைந்தது, உடனே நைத்திரசன் குமிழிகளை விடும். பென்சீன் வளையத்தோடு நேரே இணைந்த முதல் அமைனான அனிலீனோ குளிரில் ஈரசோனியம் (diazonium) உப்பாகும். அதைக் காரத்தில் கரைத்த 2-நப்தோலில் விட்டால் செம்மஞ்சள் சாயம் பளிச்சென்று வரும். இந்த வேறுபாட்டை ஹின்ஸ்பேர்க் காட்டாது.

சிக்கல் அந்தக் குளிரில்தான். 0 முதல் 5 பாகை செல்சியஸ் வேண்டும். கொழும்பில் அறையே 30 பாகையைத் தொட்டு நிற்கிறது. குழாயை மட்டும் ஐஸில் வைத்தால் போதாது. நைத்திரசு அமிலத்தைக் குழாயிலேயே உண்டாக்க, அமிலத்தில் கரைத்த அமைன், சோடியம் நைத்திரைற்றுக் கரைசல் இரண்டையும் முன்கூட்டியே குளிரவைத்து, நைத்திரைற்றைத் துளித்துளியாக விட வேண்டும், ஏனென்றால் தாக்கமே வெப்பத்தை வெளிவிடும். கொஞ்சம் சூடேறினால் ஈரசோனியம் உடைந்து பீனோலும் நைத்திரசனும் வரும். குமிழியைப் பார்த்த பிள்ளை அனிலீனை அற்கைல் அமைன் என்று எழுதிவிடும். அதில் பிள்ளையின் பிழை எதுவுமில்லை, விடையைத் தீர்மானித்தது ஐஸ். பின்னேர வகுப்பில் கரண்டும் போய்விட்டால், சரி, அன்றைய செய்முறை அவ்வளவுதான்.

இன்னொன்று, வழி அமைன் தரும் மஞ்சள் எண்ணெய் நைத்திரோசமைன். அந்த வகையைச் சேர்ந்த டைமெதைல்நைத்திரோசமைன் எலிகளில் ஈரல் கட்டிகளை உண்டாக்குவதை மேகீ, பார்ன்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1956இலேயே காட்டிவிட்டார்கள். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒஸ்கார் ஹின்ஸ்பேர்க் 1890இல் வெளியிட்ட முறைக்கு ஐஸ் வேண்டாம். கையுறை போட்டு, சில துளி அமைனுடன் 10 வீத சோடியம் ஐதரொட்சைட்டும் பென்சீன்சல்போனைல் குளோரைட்டும் சேர்த்து, தக்கையால் மூடி, இடையிடையே திறந்து நன்றாகக் குலுக்க வேண்டும். அனிலீன் என்றால் தெளிந்த கரைசல் வரும். அதில் ஐதரோகுளோரிக்கமிலத்தைத் துளித்துளியாக விட்டால் வெள்ளை வீழ்படிவு இறங்கும். முதல் அமைன் தரும் விளைபொருளான சல்போனமைட்டில் நைத்திரசன்மேல் ஓர் ஐதரசன் மிஞ்சியிருக்கிறது; சல்போனைல் கூட்டம் இலத்திரன்களை இழுப்பதால் அதைக் காரம் எடுத்துவிடும், உப்பாகிக் கரையும். வழி அமைனில் அந்த ஐதரசன் இல்லை, விளைபொருள் கரையாமலே கிடக்கும். புடை அமைன் இங்கு தாக்கமுறாமல் எண்ணெயாக நிற்கும், அமிலம் விட்டால் கரைந்துவிடும்.

எண்ணெய் எங்கே நிற்கிறது என்று கட்டாயம் பாருங்கள். அடியில் என்றால் பெரும்பாலும் மிஞ்சிய சல்போனைல் குளோரைட்டு, இன்னும் குலுக்க வேண்டும். புடை அமைனான டைமெதைலனிலீன் மேலே மிதக்கும். சைக்குளோஹெக்சைலமைன் போன்ற சில முதல் அமைன்களின் உப்பு காரத்தில் சரியாகக் கரையாமல் வழி அமைன்போல நடிக்கும். அந்த வகையில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. வகுப்பில் அனிலீன் குடும்பத்தோடு நின்றுவிடுகிறேன்.

குறை என்று சொன்னால் போத்தல்தான். நம் ஊர் ஈரப்பதனில் மூடி சரியாக இறுகாவிட்டால் சல்போனைல் குளோரைட்டு நீரோடு தாக்கமுற்றுப் பழுதாகும். திண்மமான தொலுயீன்சல்போனைல் குளோரைட்டு வைத்திருக்க வசதி என்கிறார்கள், நான் அதிகம் பாவித்ததில்லை.

சாயம் காட்டுவதற்கு மட்டும் ஒரு பேசின் ஐஸ் வாங்கி, அனிலீனை வைத்து நானே செய்து காட்டுகிறேன். வழி அமைன் போத்தல் அன்று அலுமாரியை விட்டு வெளியே வராது.