‘நம்ம தோட்டத்துக் காய்’ என்று சந்தா வாங்கும் ஆர்கானிக் கடைகள்: பணம் கட்டும் முன் படியுங்கள்

வாரம் ஒரு பெட்டி இயற்கைக் காய்கறி வீட்டுக்கே வந்துவிடும், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால், கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது திருச்சியில். புகார் நிலுவையில் இருப்பதால் கடை பெயரைப் போடவில்லை, கமெண்டில் கேட்க வேண்டாம்.

மாதம் 2,800 ரூபாய், மூன்று மாதத்துக்கு மொத்தமாக முன்பணம். வாராவாரம் காய்கறி, மாதம் ஒரு லிட்டர் மரச்செக்குக் கடலை எண்ணெய், ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் தூயமல்லி அரிசி. கல்லாவுக்கு மேலே மாலை போட்ட இயற்கை விவசாயி நம்மாழ்வார் படம். கடை நடத்துகிற தம்பி ஐடி வேலையை உதறிவிட்டு மண்ணுக்குத் திரும்பியவராம் (இந்தக் கதை இல்லாத ஆர்கானிக் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை). லால்குடி பக்கம் சொந்தத் தோட்டம் இருக்கிறது என்றார். “எல்லாம் நம்ம தோட்டத்துல விளையறதுதான்க்கா, வெளிய ஒரு காய் கூட வாங்குறதில்ல.”

ஆரம்பத்தில் வெண்டை, புடலை, தண்டுக்கீரை என்று சரியாகத்தான் வந்தது. அப்புறம் அக்னி நட்சத்திர வெயிலில் பெட்டிக்குள் கேரட், பீன்ஸ், காலிஃபிளவர். லால்குடி நெல்லும் வாழையும் விளைகிற வாய்க்கால் பாசன மண். கேரட் நமக்கு ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வருகிற காய். மே மாதம் லால்குடியில் எப்படித் தம்பி கேரட் என்று கேட்டால், நிழல்வலை போட்டிருக்கிறோம் என்றார். அதையும் சரி என்று விட்டேன். அடுத்த பெட்டியில் முட்டைக்கோசுக்கு அடியில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சீட்டு கிடந்தது. காந்தி மார்க்கெட் மொத்தக் கடைச் சீட்டு, பால்பாயிண்ட் பேனாவில் கேரட் 10, பீன்ஸ் 5, கோஸ் 15 என்று எழுதி, பக்கத்திலேயே விலையும். கேரட்டுக்கு 42 என்று இருந்தது. கடையில் அதே கேரட் 110.

சீட்டைப் படம் எடுத்து அனுப்பி, சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்டேன். நேரில் போனபோது சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒன்றைக் காட்டினார். எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணைய உரிமம், 14 இலக்க எண்ணோடு. நிறைய பேர் இதில்தான் திருப்தியாகி வந்துவிடுகிறார்கள். அந்த எண் முறுக்குக் கடைக்கும் உண்டு, பாக்கெட் சிப்ஸுக்கும் உண்டு. உணவு விற்க அனுமதி இருக்கிறது என்பதைத் தவிர, அது ஆர்கானிக் என்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆர்கானிக் என்று சொல்லி விற்க, 2017இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி இரண்டே வழிதான். ஒன்று என்பிஓபி என்ற மத்திய அரசுத் திட்டம். சான்றளிப்பு நிறுவனம் நிலத்துக்கே வந்து பார்த்துக் கொடுப்பது, தமிழ்நாடு அரசிலேயே அங்ககச் சான்றளிப்புத் துறை இருக்கிறது. இன்னொன்று பிஜிஎஸ் என்ற பங்கேற்பு உத்தரவாத முறை. பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதித்துக்கொள்வது. இவற்றில் ஒன்று இருந்தால்தான் பொட்டலத்தில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை வர முடியும். ‘நேச்சுரல்’, ‘நாட்டு’, ‘பாரம்பரிய’ என்று அச்சடித்திருப்பது எதுவும் ஆர்கானிக் சான்று ஆகாது.

விளைவித்த சிறு விவசாயியே நேரடியாக நமக்கு விற்றால் இந்தச் சான்று இல்லாமலே விற்க விதியில் விலக்கு இருக்கிறது. அது நியாயமான விலக்குதான், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் சான்றுக்காக எங்கே அலைவார். ஆனால் ‘சொந்தத் தோட்டம்’ என்று இவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த ஓட்டைக்குள் நுழைந்துகொள்ளத்தான். மார்க்கெட்டில் வாங்கி விற்ற நிமிடமே அந்த விலக்கு செல்லாது. நான் விடாமல் கேட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு பிஜிஎஸ் சான்றிதழ் வந்தது. வேறு ஒரு விவசாயி பெயரில், நெல்லுக்கு மட்டும், காலாவதியும் ஆகிவிட்டது. சான்றிதழ் என்று ஒரு பேப்பரை நீட்டினால் யார் பெயர், எந்தப் பயிர், எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் பாருங்கள்.

எண்ணெயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடையில் ‘ஆர்கானிக் மரச்செக்கு’ கடலை எண்ணெய் லிட்டர் 240. செக்கில் ஒரு லிட்டர் எடுக்க ஏறக்குறைய இரண்டே கால் முதல் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். சாதாரணப் பருப்பே கிலோ 120 என்று வைத்தாலும் பருப்புக்கு மட்டும் குறைந்தது 270 போகிறது. புண்ணாக்கு விற்றுக் கொஞ்சம் திரும்ப வரும், அது ஆட்டுக்கூலிக்கும் பாட்டிலுக்கும் சரியாகிவிடும். அப்படியிருக்க 240க்கு எங்கிருந்து கொடுக்கிறார்? காயில் கொள்ளை விலை, எண்ணெயில் நம்ப முடியாத மலிவு, இரண்டும் ஒரே கடையில். நாட்டுச் சர்க்கரையும் பளிச்சென்ற மஞ்சள். வெளுக்க ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போடாத சர்க்கரை பெரும்பாலும் பழுப்பாகத்தான் இருக்கும்.

இதனால் ஆர்கானிக்கே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை, அப்படிப் பேசுகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ரசாயனத்திலிருந்து மாறுகிற நிலத்துக்கு என்பிஓபியில் இரண்டு, மூன்று வருடம் மாற்றுக்காலம். அந்த நாட்களில் விளைச்சல் குறையும், ஆனால் ஆர்கானிக் விலையும் கிடைக்காது. களைக்கொல்லி கிடையாது, ஆள் வைத்துத்தான் களை எடுக்க வேண்டும், கூலி என்ன விற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த விவசாயி சாதாரண அரிசியைவிட அதிகம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுக்கலாம். எனக்கு எரிச்சல், நான் கொடுத்த அந்த அதிகப்படி காசில் ஒரு பைசா கூட அப்படிப்பட்ட ஒருவருக்குப் போகவில்லை என்பதுதான்.

மீதிச் சந்தாவைத் திருப்பிக் கேட்டால் “முன்பணம் ரீஃபண்ட் கிடையாதுக்கா, வேணும்னா அந்தத் தொகைக்குத் தினை, சாமை எடுத்துக்குங்க” என்கிறார். ரசீதில் அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சீட்டு, பொட்டலம், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றின் படங்களோடும் எழுதிப் போட்டிருக்கிறேன். பணத்துக்காக நுகர்வோர் ஆணையத்துக்கும் தனியாக மனு தயாராகிறது. உங்களிடமும் இதே ஊரில் யாராவது இப்படிச் சந்தா வாங்கியிருந்தால் ரசீதையும் காலிப் பொட்டலத்தையும் தூக்கிப் போடாமல் வையுங்கள், இன்பாக்ஸில் சொல்லுங்கள், சேர்ந்தே கொடுத்துவிடலாம்.