வெள்ளை மைக்காவில் ஏறிய மஞ்சளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு: ஒரு மதிப்பீடு

வெள்ளை மைக்கா ஒட்டிய அலமாரிகளும் சமையலறைக் கதவுகளும் சில ஆண்டுகளிலேயே மஞ்சளேறிவிடுவதால், அதைப் போக்குவதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்களுக்குக் குறைவில்லை. அவற்றை எல்லாம் விட்டுவிட்டு, மருந்துக்கடையில் புண் கழுவுவதற்காக விற்கப்படும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலை எங்கள் சமையலறைக் கதவுகளிலும் படுக்கையறை அலமாரியிலும் பயன்படுத்திப் பார்த்தேன். சமையலறைக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தரலாம். படுக்கையறைக்கு ஒன்றுகூடத் தர முடியாது.

ஆசாரிகள் மைக்கா என்று சொல்லும் இந்த லேமினேட் தகடு, பினாலிக் பிசினில் ஊறிய பழுப்புக் காகித அடுக்குகளின்மேல் மெலமைன் பிசினில் ஊறிய வெள்ளைக் காகிதத்தை வைத்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்யப்படுவது. மெலமைன் பரப்பு எதையும் எளிதில் உறிஞ்சாது என்பதால், அடுப்பருகே தெரியும் மஞ்சளில் பெரும்பகுதி தாளிப்பின் எண்ணெய்ப் புகை படிந்து இறுகிய படலமே. அதற்குப் பாத்திரம் துலக்கும் திரவமும் வெந்நீரும் மென்மையான துணியும் போதும். அந்தப் பிசுக்கை எடுக்காமல் பெராக்சைடைத் தடவினால் கரைசல்தான் வீணாகும்.

பெராக்சைடு தன் வேலையைக் காட்டுவது பிசுக்கு போன பின்னும் எஞ்சி நிற்கும் கறைகளில்தான். மஞ்சள்தூள் கறையின்மேல் சோப்போ சமையல் சோடாவோ பட்டவுடன் அது செந்நிறமாக மாறுவதைப் பார்த்துப் பலர் பதறிப்போய் மேலும் அழுத்தித் தேய்க்கிறார்கள். மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே இயல்பைக் கொண்டுதான். ஆகவே சோப்பை நன்றாகத் துடைத்தெடுத்த பிறகு, மெல்லிய காகிதத் துண்டைக் கரைசலில் நனைத்துக் கறையின்மேல் ஒட்டி, உலர்ந்துவிடாமல் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஒரு மணி நேரம் கழித்து ஈரத்துணியால் துடைத்தேன். கறை வெகுவாக வெளுத்தது. எஞ்சிய சாயல், சன்னல் வழியே வரும் வெயில் பட்டு மெல்ல மறைந்தது; குர்குமின் ஒளியில் சிதையக்கூடியது என்பதால் இதில் வியப்பில்லை. தேநீர்க் கறையும் இதே முறையில் போயிற்று.

படுக்கையறைக் கதை வேறு. அங்கே அலமாரியின் முகப்பு ஏறக்குறைய வெண்மையாகவே இருக்க, விளிம்புகளில் ஒட்டிய பி.வி.சி. பட்டைகள் மட்டும் பழுத்திருந்தன. வெயிலாலும் வெப்பத்தாலும் பி.வி.சி.யின் மூலக்கூறுகளே மாறித் தோன்றும் நிறம் இது. மேலே படிந்த அழுக்காக இருந்தால்தானே துடைத்தெடுக்க முடியும்? பழைய கணினிப் பெட்டிகளைப் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கச் செய்யும் முறை இணையத்தில் பேர்பெற்றது. ஆனால் அது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்காக உருவானது, அதிலும் மஞ்சள் திரும்பி வருவதுண்டு. அதை நம்பி அலமாரிக் கதவைக் கழற்றி மொட்டைமாடிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை.

ஒப்பீட்டுக்காக மெலமைன் ஸ்பாஞ்சையும் முயன்றேன். கறை விரைவாகப் போகிறது என்பது உண்மைதான், ஆனால் அது மிக நுண்ணிய உப்புத்தாள் போலத் தேய்த்து எடுக்கிறது. பளபளப்பான மைக்காவில் அது பட்ட இடம் மங்கி, பக்கவாட்டு வெளிச்சத்தில் திட்டாகத் தெரிகிறது. சொரசொரப்பான மைக்காவின் பள்ளங்களில் மட்டும், அழுத்தாமல், பயன்படுத்தலாம்.

பெராக்சைடைக் கையாளும்போது கையுறை அவசியம், ஏனெனில் விரலில் பட்டால் தோல் வெளுத்து எரியும். பிளீச்சிங் திரவத்துடனோ வினிகருடனோ கலக்கவே கூடாது. இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் கரைசல் இறங்கினால் உள்ளே இருக்கும் பலகை ஊதிவிடும் என்பதால், நனைத்த காகிதத்தைச் சொட்டாமல் பிழிந்தே வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கரைசல் வெறும் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். ஆகவே வாங்கிய அடர்நிறப் புட்டியிலேயே வைத்திருப்பது நல்லது. விளிம்புப் பட்டைகள் பழுத்திருந்தால் இதற்குச் செலவிடாமல், அவற்றை உரித்துவிட்டுப் புதிய பட்டை ஒட்டித்தர ஓர் ஆசாரியை அழைப்பதே சரியான வழி.