ஓரம் மாற்றுவதா, புது ஸ்பீக்கரா?

பழைய ஸ்டீரியோவில் பேஸ் (கனத்த அடித்தொனி) வந்தாலே கரகரக்கிறதா? ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்றி, அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பின் ஓரத்தைப் பாருங்கள். ஃபோம் ஓரம் 15, 20 வருடத்தில் தானாகவே பொடிந்து உதிரும். ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். அது மட்டும் போயிருந்தால், ஓரத்தை மாற்றுவதே என் கட்சி. சரியான அளவில் வளையம், பசை, ஒரு நாள் பொறுமை போதும்; பழைய குரல் திரும்பிவிடும். கூம்பை மட்டும் நட்டநடுவில் நிறுத்தி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் அதன் பின்னால் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) உரசும்.

ஓரம் நன்றாக இருந்தும், கூம்பை விரல்களால் நேராக, மெதுவாக அழுத்தும்போது உரசல் கேட்கிறதா? காயில் கருகியிருக்கலாம். அப்போது புது ஸ்பீக்கர்தான். பழையதன் விட்டத்தோடு, அதன் மின்தடை 4 ஓமா 8 ஓமா என்றும் பார்த்து வாங்குங்கள். ஜோடியாக மாற்றினால் நல்லது, பர்ஸ்தான் அழும்.