நேச்சர்மேட் ஸ்டார் கரண்ட்: கூடுதல் காசுக்குத் தகுமா?

சுவிஸில் வீட்டுக் கரண்டை எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று நாமே தீர்மானிக்க முடியாது, ஆண்டுக்கு ஒரு லட்சம் யூனிட்டுக்கு மேல் எடுப்பவர்களுக்குத்தான் அந்த உரிமை. ஆனால் உள்ளூர் நிறுவனம் தரும் வகைகளில் எது வேண்டும் என்று சொல்லலாம். நான் சாதாரண நீர்மின்சாரத்தை விட்டு நேச்சர்மேட் ஸ்டார் என்ற சுற்றுச்சூழல் முத்திரை உள்ளதற்கு மாறினேன். இரண்டும் தண்ணீரில் எடுக்கிற கரண்ட்தானே, எதற்குக் கூடக் காசு என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

சாதாரண வகைக்கு மூலச் சான்று இருந்தால் போதும். கரண்ட் தண்ணீரிலிருந்து வந்தது என்பதை அது சொல்லும், அணைக்குக் கீழே ஆறு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஸ்டார் முத்திரைக்கு ஒவ்வொரு நிலையத்தையும் தனியாகச் சோதிக்கிறார்கள். ஏவாக் என்ற நீர் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறை இது: ஆற்றில் விடும் குறைந்தபட்சத் தண்ணீர், திடீர் ஏற்ற இறக்கம், நீர்த்தேக்கத்தைக் கையாளும் விதம், சரளைக்கல், நிலையத்தின் அமைப்பு, எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். திடீர் ஏற்ற இறக்கம்தான் பலருக்குத் தெரியாத கொடுமை. கரண்ட் தேவை கூடும் நேரத்தில் டர்பைனைத் திறந்துவிட்டால் மீன்குஞ்சுகள் அடித்துக்கொண்டு போகும், சட்டென்று மூடினால் மிச்சமுள்ளவை கரைக் கற்களுக்கிடையில் மாட்டிச் சாகும். சரளைக்கல்லும் அப்படித்தான், அணை அதைப் பிடித்துவைத்துக்கொண்டால் கீழே ட்ரவுட் மீன் முட்டையிட இடமில்லை.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1992இல் மக்கள் வாக்களித்து ஏற்ற நீர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆற்றில் விட வேண்டிய தண்ணீரை வரையறுத்தது, ஆனால் பழைய நிலையங்களுக்கு அது முழுதாகப் பொருந்துவது உரிமம் புதுப்பிக்கும்போதுதான், உரிமமோ 80 ஆண்டு வரை ஓடும். 2011இல் வந்த திருத்தம் மீன்வழி (அணையைத் தாண்டி மீன் போய்வரும் வழி), ஏற்ற இறக்கம், சரளைக்கல் மூன்றையும் 2030க்குள் சரிசெய்யச் சொல்கிறது, அதற்காக நாம் எல்லோரும் யூனிட்டுக்கு 0.1 ராப்பன் (நூறு ராப்பன் ஒரு பிராங்) ஏற்கெனவே கட்டுகிறோம். அவ்வளவு காலம் ஆறு காத்திருக்குமா? முத்திரை வேண்டும் என்று நினைக்கும் நிலையம் உரிமம் முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே மாற வேண்டியிருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

அதோடு, இந்த முத்திரையோடு விற்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் ஒரு ராப்பன் ஆற்றைச் சீராக்கும் நிதிக்குப் போகிறது. 2,500 யூனிட் எடுக்கும் வீட்டுக்கு அது ஆண்டுக்கு 25 பிராங். பில்லில் கூடுவது இதைவிட அதிகம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

குறை என்றால், என் காசு எந்த ஆற்றுக்குப் போனது என்று எங்கள் மின்நிறுவனத்திடம் கேட்டபோது தெளிவான பதில் வரவில்லை. பில்லோடு ஒரு பக்கத் தாளில் எந்த நிலையம், என்ன வேலை நடந்தது என்று எழுதி அனுப்பினால் இன்னும் நிறையப் பேர் மாறுவார்கள். பிறகு, அணை அணைதான். முத்திரை குத்தியதால் அந்த ஆறு பழையபடி ஆகிவிடாது, பாதிப்பு குறையும். அந்தக் குறைவுக்கே நான் காசு கொடுக்கத் தயார்.

மாறுபவர்கள் படிவத்தில் ‘ஸ்டார்’ என்ற சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வெறும் ‘நேச்சர்மேட்’ என்று வரும் வகைக்கு இவ்வளவு கடுமையான ஆற்று விதிகள் கிடையாது. முழு வீட்டுக்கும் எடுக்க வசதியில்லாவிட்டால் ஒரு பகுதிக்கு மட்டும் எடுக்கச் சில நிறுவனங்கள் விடுகின்றன, கேட்டுப் பாருங்கள்.