குனியாமல் குப்பை பொறுக்க ஒரு கைக்குறடு: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைப்பாதையில், கல்லாறுக்கும் பர்லியாருக்கும் இடைப்பட்ட பகுதியில், நாங்கள் எட்டுப் பேர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையோரக் குப்பையைப் பொறுக்கி வருகிறோம். தொடக்கத்தில் எங்களிடம் கையுறையும் உரச்சாக்கும் மட்டுமே இருந்தன. முதல் நாள் ஆர்வத்தோடு வந்தவர்களில் பாதிப் பேர் அடுத்த முறை வராமல் போனதற்கு இடுப்பு வலிதான் காரணம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. இரண்டு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை குனிந்து நிமிர்ந்தவர்களுக்கு மறுநாள் வேலைக்குப் போவதே பெரும்பாடாகிவிடும். அதனால்தான் சென்ற ஆண்டு, நீண்ட கைப்பிடி கொண்ட குப்பைக் குறடு ஒன்றை இணையத்தில் 450 ரூபாய்க்கு வாங்கினேன்.

இரண்டே முக்கால் அடி நீளமுள்ள அலுமினியக் குழல், மேல் முனையில் அழுத்துவதற்கு ஒரு விசை, கீழ் முனையில் ரப்பர் பூசிய இரண்டு தாடைகள். குழலுக்குள் ஓடும் மெல்லிய கம்பியே விசையையும் தாடையையும் இணைக்கிறது. இவ்வளவுதான் கருவி. கையில் கனம் தெரியாது என்பதால் என் தாயாரும் களைப்பின்றி இரண்டு மணி நேரம் பயன்படுத்தினார்.

இதன் உண்மையான பயனை மலைப்பாதையின் தடுப்புச் சுவர் அருகேதான் கண்டேன். வண்டியை நிறுத்திச் சாப்பிடுகிறவர்கள் எறியும் பொட்டலங்கள் சுவருக்கு அப்பால் சரிவில் தங்கிவிடுகின்றன. வனத்துறையின் அனுமதியில்லாமல் காட்டுக்குள் இறங்கக் கூடாது, இறங்கினாலும் கால் வழுக்கும். சுவரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு குறட்டை நீட்டினால், அருகில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை எட்டிவிடுகின்றன. ஒரு முறை அப்படி எடுத்த சிப்ஸ் உறை, உள்பக்கத்து வெள்ளிப் பூச்சு வரை குரங்கு கடித்துப் பிய்த்த நிலையில் இருந்தது. பிய்ந்த துண்டுகளைத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. யானைகள் கடந்துபோகும் கல்லாறுப் பகுதியில் அந்தத் துண்டுகள் எந்த வயிற்றுக்குள் போயிருக்கும் என்று நினைக்கவே மனம் பதைக்கிறது. பயன்படுத்திய குழந்தை டயாப்பர்களைக் கையால் தொடாமல் எடுக்க முடிவதையும் சொல்லியாக வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. ஈரமான தார்ச்சாலையில் ஒட்டிக்கிடக்கும் ஷாம்பு, பான் மசாலா பாக்கெட்டுகளைத் தாடைகள் கவ்வுவதில்லை, வழுக்கி விடுகின்றன. ஒரு தாடையின் ஓரத்தால் சுரண்டி, விளிம்பை மேலெழுப்பிய பிறகுதான் பிடிக்க முடிகிறது. உடைந்த கண்ணாடிச் சில்லுகளுக்கு இது பயன்படாது. அவற்றுக்கு முறமும் துடைப்பமும்தான். நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். பத்து ரூபாய்க்கு மதிப்பிருப்பதால் பாட்டிலைக் காட்டில் எறியக் கை வருவதில்லை என்பதால், அந்தத் திட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். மாறாக, 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில் அடங்கிய பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளை நாங்கள் ஒவ்வொரு முறையும் சாக்குச் சாக்காக எடுக்கிறோம். கோப்பையைப் பிடிப்பதில் மட்டும் இந்தக் குறட்டுக்கு நிகரில்லை.

ஐந்தாம் மாதத்தில் உள்கம்பி அறுந்துபோனது. விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதியும் பதில் வரவில்லை. உதிரிக் கம்பியும் அவர்கள் விற்பதில்லை. இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் மாற்றிவிடக்கூடிய ஒரு கம்பிக்காக முழுக் கருவியையும் குப்பையில் போட வைப்பது, குப்பை பொறுக்கும் கருவியை விற்கிறவர்கள் செய்யத் தகாத காரியம். மேட்டுப்பாளையத்தில் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பிரேக் ஒயர் மாதிரிதானுங்க" என்று சொல்லி, 60 ரூபாய்க்குப் புதுக் கம்பி கோத்துக் கொடுத்தார். பழையதைவிட அது தடிப்பாக இருக்கிறது, இதுவரை தளரவில்லை.

வாங்க நினைப்பவர்கள், மடக்கும் வகையைத் தவிர்த்து ஒரே குழலாக உள்ளதை வாங்குங்கள். எங்கள் குழுவில் ஒருவருடைய மடக்குக் குறடு மடிப்பில் ஆட்டம் கண்டு மூன்றே மாதத்தில் பயனற்றுப் போனது. கருவியைப் போலவே சாக்கையும் கவனிக்க வேண்டும். ஒரு கையில் குறடு இருக்கும்போது மறு கையால் சாக்கின் வாயைத் திறந்து பிடிக்க முடியாது என்பதால், பழைய பிளாஸ்டிக் வாளியின் மேல் வளையத்தை அறுத்தெடுத்துச் சாக்கின் வாயில் வைத்துத் தைத்துக்கொண்டோம். வளைவுகளில் ஒருவர் பொறுக்கும்போது மற்றவர் ஒளிரும் மேலங்கியோடு வண்டிகளைப் பார்த்து நிற்க வேண்டும்.

குறைகளோடும் இதையே பரிந்துரைக்கிறேன். சென்ற மாதம் இதே வகையில் மேலும் மூன்று வாங்கி, மூன்றிலும் முதல் நாளே உள்கம்பியை எடுத்துவிட்டுப் பிரேக் கம்பியைக் கோத்துவிட்டோம். இடுப்பு வலியால் நின்றுபோன இருவர் இப்போது மீண்டும் எங்களோடு வருகிறார்கள்.