நியூமெரோவின் ‘எக்சென்ட்ரிக் சோல்’ வரிசை: எதை வாங்கலாம், எந்த வடிவத்தில் வாங்கலாம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வகையான சோலின் அரிய இசைத்தட்டுச் சந்தையில் விலை ஒரு பக்கம் ஓடும், பாட்டின் தரம் இன்னொரு பக்கம் ஓடும். ஃபிராங்க் வில்சனின் ‘டூ ஐ லவ் யூ’ இதற்கு ஊரறிந்த உதாரணம். 1965-இல் அமெரிக்க இசை நிறுவனமான மோட்டவுனின் துணை லேபிள் (தட்டு வெளியிடும் பெயர்) ‘சோல்’ அதை அச்சடித்தது, ஆனால் கடைக்கு வரும் முன்பே நிறுத்திவிட்டது. மாதிரிப் பிரதிகள் அநேகமாக எல்லாம் அழிந்தன. தப்பியவற்றில் ஒரு பிரதி 2009-இல் 25,742 பவுண்டுக்குப் போனது. 2020-இல் 1,00,000 பவுண்டு. துள்ளலான, நல்ல பாட்டுதான். ஆனாலும் இந்த விலை பாட்டுக்குக் கொடுத்ததில்லை, தட்டுப்பாட்டுக்குக் கொடுத்தது. காதுக்கு மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு 1979-இலேயே பிரிட்டனில் டாம்லா மோட்டவுன் அதை முறையாக வெளியிட்டது (தட்டு எண் டிஎம்ஜி 1170). இப்போது அந்த மறுவெளியீட்டையும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள் என்பது தனிக் கூத்து.

சிகாகோவில் 2003-இல் தொடங்கிய நியூமெரோ குழுமம் இந்த விளையாட்டுக்குள் வேறு வாசல் வழியாக வந்தது. விலை உயர்ந்த பாட்டுகளைப் பொறுக்கி ஒரு தட்டில் அடுக்காமல், ஒரு ஊரையும் அங்கே எழுந்து விழுந்த ஒரு சின்ன லேபிளையும் எடுத்துக்கொண்டு, அதன் முழு வரலாற்றையும் ஒரே தொகுப்பில் கொண்டுவந்தார்கள். அப்படி வந்ததுதான் ‘எக்சென்ட்ரிக் சோல்’ வரிசை. அதன் பலமும் பலவீனமும் இந்த முறையிலேயே இருக்கின்றன.

வரிசையின் முதல் தொகுப்பு, அந்த நிறுவனத்துக்கே முதல் வெளியீடு, 2004-இல் வந்த ‘தி கேப்சோல் லேபிள்’. ஓஹையோ மாநிலத் தலைநகர் கொலம்பஸில் டபிள்யூவிகேஓ வானொலியில் டிஜேயாக இருந்த பில் மாஸ் 1970 வாக்கில் தொடங்கிய லேபிள் இது. தலைநகர் சோல் என்பதைச் சுருக்கி வைத்த பெயர். சில ஆண்டுகளில் கொஞ்சம் 45-களும் (நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறு தட்டு) ஃபோர் மின்ட்ஸ் குழுவின் ஒரு எல்பியும் (பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டு) வெளியிட்டுவிட்டு மூடிவிட்டது. ஜான்சன், ஹாக்கின்ஸ், டேட்டம் அண்ட் டர் என்ற குழுவின் பெயர் வக்கீல் ஆபீஸ் போர்டு மாதிரி இருக்கும். பாட்டைப் போட்டால் குரல்கள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. மேரியன் பிளாக்கின் ‘ஹூ நோஸ்’ இந்தத் தொகுப்பின் உச்சம். அவசரமே இல்லாத தாளம், அதன் மேல் கனத்த ஆண்குரல். கொலம்பஸிலேயே வளர்ந்த ஹிப்-ஹாப் இசைக்காரர் ஆர்ஜேடி2 இதிலிருந்து வெட்டியெடுத்து 2002-இல் ‘ஸ்மோக் அண்ட் மிரர்ஸ்’ செய்திருந்தார். ஆக, தொகுப்பு வருவதற்கு முன்பே உள்ளூர்க்காரர் ஒருவர் இந்த மண்ணைத் தோண்டிவிட்டார். வரிசைக்குப் புதியவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். மெதுவான, இரவு நேரத்துப் பாட்டுகள் பிடிக்கும் என்றால் இது ஒன்றே போதும்.

ஆட்டம் வேண்டும் என்பவர்கள் ‘தி டீப் சிட்டி லேபிள்’ பக்கம் போகலாம். மயாமியில் வில்லி கிளார்க்கும், இசைத்தட்டுக் கடை வைத்திருந்த ஜானி பியர்சாலும் 1960-களின் நடுவில் நடத்திய லேபிள். இருவரும் ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்காரர்கள். அந்தக் கல்லூரியின் அணிவகுப்பு பேண்டு அமெரிக்கா முழுக்கப் பெயர் பெற்றது, அதன் வாசனை இந்தப் பித்தளைக் கருவிகளில் அப்படியே இருக்கிறது. ட்ரம்பெட்டுகள் பாடகிக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் முட்டிக்கொண்டு வரும். டீப் சிட்டியின் முக்கியக் குரல் ஹெலீன் ஸ்மித். பதின்பருவத்துப் பாடகி பெட்டி ரைட்டின் ஆரம்பகாலப் பதிவுகளும் இங்கேதான். கிளார்க்கும் கிளாரன்ஸ் ரீடும் சேர்ந்து பின்னால் அவருக்கு எழுதிக்கொடுத்த ‘கிளீன் அப் வுமன்’ 1971-இல் பெரிய ஹிட் ஆனது. அந்த வெற்றிக்கு முந்தைய ஒத்திகை எப்படி இருந்தது என்று இந்தத் தொகுப்பில் கேட்கலாம்.

2007-இல் வந்த ‘ட்வைநைட்ஸ் லூனார் ரொட்டேஷன்’ இரட்டைத் தொகுப்பைப் பற்றித்தான் முறையீடு. சிகாகோவின் ட்வைநைட் லேபிளுக்குச் சோறு போட்டவர் பாடகர் சில் ஜான்சன். அவர் நிழலில் ஹிட் ஆகாமல் போனவர்களின் பாட்டுகளைத்தான் இதில் சேர்த்திருக்கிறார்கள். வானொலிக்காரர்கள் நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் ஒப்புக்குப் போட்ட தட்டுகள் என்பது தலைப்பின் பொருள். எண்ணம் அருமை, ஆனால் ஒரே மூச்சில் கேட்க முடியாது. லேபிளை முழுதாகக் காட்டுவதாக ஒப்புக்கொண்டால் அதன் சுமாரான நாட்களையும் காட்டத்தான் வேண்டியிருக்கிறது. இரண்டாவது சிடியின் நடுவில் ஒன்றுபோல் ஒலிக்கும் பாட்டுகள் வரிசையாக வரும்போது யாராவது கத்தரி போட்டிருக்கலாமே என்று தோன்றும். சில் ஜான்சனே வேண்டும் என்பவர்களுக்கு 2010-இல் வந்த ‘கம்ப்ளீட் மித்தாலஜி’ பெட்டி இருக்கிறது: 6 எல்பி, 4 சிடி. காசு இருந்தால் யோசிக்காமல் வாங்க வேண்டியது அதுதான்.

ஒலித்தரத்துக்கு வருவோம், ஏமாற்றமும் சண்டையும் இங்கேதான் அதிகம். சின்ன லேபிள்களின் மாஸ்டர் டேப்புகள் (மூல ஒலிப்பதிவு நாடாக்கள்) முழுசாகக் கிடைப்பது அபூர்வம். டேப் விலை உயர்ந்தது என்பதால் ஸ்டுடியோக்கள் அதன் மேலேயே அடுத்த பதிவை எடுத்திருக்கும். வாடகை பாக்கிக்கு ஸ்டுடியோவிலேயே நின்றிருக்கும். நிலவறை ஈரத்தில் ஊறியிருக்கும். கிடைத்தாலும் உடனே ஓட்ட முடியாது. அசிட்டேட் அடித்தளம் கொண்ட பழைய டேப் கெடும்போது வினிகர் வாடை அடிக்கும், சுருங்கி முறுக்கிக்கொள்ளும். 1970-களின் நடுவிலிருந்து வந்த சில டேப்புகளில் காந்தத்தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகும், ஓட்டினால் கருவியில் ஒட்டி உரிந்து வரும். இந்த வகையை 54 டிகிரி செல்சியஸ் அளவில் பல மணி நேரம் மெதுவாகச் சூடாக்கினால் கொஞ்ச நாளுக்குச் சரியாகும், அதற்குள் டிஜிட்டலாக்கிவிட வேண்டும். அசிட்டேட் டேப்பை அப்படிச் சூடாக்கினால் கதை முடிந்தது. எது எந்த வகை என்று பார்க்காமல் அடுப்பில் வைப்பது முதல் தவறு.

டேப்பே இல்லையென்றால் 45 தட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், இந்த வரிசையிலும் எல்லாப் பாட்டும் டேப்பிலிருந்து வந்திருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒழுங்காகச் செய்பவர்கள் ஒரே பாட்டின் பல பிரதிகளைத் திரட்டி, நல்ல பகுதிகளை ஒட்டுவார்கள். நடுத்துளை மையம் தவறியிருந்தால் தட்டை நகர்த்தி நேராக்குவார்கள். இல்லாவிட்டால் பியானோவின் நீண்ட சுரம் ஊஞ்சலாடும். மோனோ தட்டில் பள்ளத்தின் இரு சுவர்களிலும் ஒரே ஒலிதான் இருக்கிறது என்பதால், தேயாத சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் சொதப்பல் நடப்பது கடைசிப் படியில், சொடுக்குச் சத்தத்தை மென்பொருளால் அளவுக்கு மீறித் துடைக்கும்போது. டிரம்மின் அடி மழுங்கும், சிம்பல் தண்ணீருக்குள் அடித்தது போல் ஆகும். சோதித்துப் பார்க்க எளிய வழி: பாட்டு முடிவில் ஒலி தேய்ந்து மறையும் இடத்தை ஹெட்போனில் கேளுங்கள். அடியில் மெல்லிய உராய்வுச் சத்தம் இருந்தால் அது தட்டிலிருந்து எடுத்தது. அந்தச் சத்தத்தை லேசாக விட்டுவைத்து டிரம்மைக் காப்பாற்றியவர்களே கைதேர்ந்தவர்கள். கேப்சோல் தொகுப்பு இந்தக் கணக்கில் நன்றாகத் தேறுகிறது.

மூலத் தட்டையே தேடிப்போகும் ஆசை இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க 45-கள் பலவும் வினைல் கிடையாது, ஸ்டைரீன் என்ற கெட்டி பிளாஸ்டிக். வினைலில் லேபிள் காகிதம் அச்சிடும் சூட்டிலேயே தட்டோடு பதிந்துவிடும். ஸ்டைரீனில் பின்னால் பசை தடவி ஒட்டியிருப்பார்கள், ஓரம் தூக்கிக்கொண்டிருப்பதைச் சில சமயம் நகத்தால் உணரலாம். அதனாலேயே அதைத் தண்ணீரில் முக்கிக் கழுவக் கூடாது. ஸ்டைரீன் வளையாது, விரிசல் விடும். தேய்ந்தாலும் மேலே பளபளப்பு குறையாது: கண்ணுக்குப் புதுசு, காதுக்குப் பழசு. டிஜேக்கள் பாட்டின் தொடக்கத்தைப் பிடிக்க ஊசியை முன்னும் பின்னும் ஓட்டியிருந்தால் முதல் சில விநாடிகள் ‘உஸ்’ என்று இரையும், அதை எந்தக் கழுவலும் போக்காது. படத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், தொடக்கத்தின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்குங்கள்.

கள்ளப் பதிப்பைக் கண்டுபிடிக்க, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் இருக்கும் வெற்று வளையத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸின் மொனார்க் அச்சாலையில் அடித்தவற்றில் சிறிய முக்கோணமும் ஒரு எண்ணும் கீறியிருக்கும். நியூயார்க்கின் பெல் சவுண்டில் வெட்டியவற்றில் அந்தப் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கும். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கையால் கிறுக்கிய எழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டைரீனில் மட்டுமே வந்த தட்டு வினைலில் கிடைத்தாலும் அப்படியே. ஆனால் ஒரே பாட்டை இரண்டு அச்சாலைகளில் இரண்டு பொருளிலும் அடித்ததுண்டு, ஒற்றை அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. ஃபிராங்க் வில்சன் பாட்டே எடி ஃபாஸ்டர் என்ற பொய்ப்பெயரில் கள்ளத்தட்டாகச் சுற்றியதுதான்.

சட்டப்படி வருகிற மலிவுத் தட்டுகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஐரோப்பாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை 50 ஆண்டுகளாக இருந்து 2013-இல் 70 ஆக நீண்டது. ஆனால் 1962 முடிய வெளியானவை அதற்குள் கைவிட்டுப் போயிருந்தன. அங்கே அச்சான ஒரு சோல் தொகுப்பில் எல்லாப் பாட்டும் 1963-க்கு முந்தியதாகவே இருந்தால், பாடியவர் தரப்புக்கு ஒலிப்பதிவு உரிமத் தொகை போகாமல் வந்த தட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நியூமெரோ உரிமையாளர்களைத் தேடிப் பிடித்து ஒப்பந்தம் போடும் நிறுவனம். அந்தத் தேடலில் கிடைத்த புகைப்படங்களும் நேர்காணல்களும்தான் சிறுநூலாகிக் கூடவே வருகின்றன. விலையில் பாதி இந்தச் சிறுநூலுக்குத் தகும். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு அது கிடைக்காது, அது இல்லாமல் கேப்சோல் வெறும் நல்ல பாட்டுகளின் வரிசை.

லண்டனின் ஏஸ் நிறுவனத்துக்கு உட்பட்ட கென்ட் லேபிள் 1982-இலிருந்து இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறது. ஆட்டக்களத்தின் காதோடு தேர்ந்தெடுப்பார்கள். பெரிய நிறுவனங்களின் டேப் அறைகளுக்குள் புகுந்து, வெளிவராமலே கிடந்த பாட்டுகளையும் எடுத்து வருவார்கள். பாட்டுக்குப் பாட்டு கணக்குப் பார்த்தால் கென்ட் தொகுப்புகளில் சலிப்பு குறைவு, ஒலியும் பெரும்பாலும் தெளிவு. ஒரு ஊரின் முகம் தெரிய வேண்டும் என்றால் நியூமெரோ.

வடிவம் எது? எல்பியில் ஒரு பக்கம் 20 நிமிடத்துக்கு மேல் போகப் போக ஒலி அளவைக் குறைத்து வெட்ட வேண்டிவரும், உள்வட்டத்துக்கு நெருங்கும் கடைசிப் பாட்டில் ‘ஸ’ ஒலிகள் கரகரக்கும். 45-இல் உரக்க ஒலிப்பதற்கென்றே கலந்த பாட்டுகள் இதில் கொஞ்சம் சோர்ந்துவிடும். எந்த அச்சாலையின் புதுத் தட்டானாலும் வந்ததும் வளைவு இருக்கிறதா, சுழலும்போது ஊசிக்கரம் பக்கவாட்டில் ஆடுகிறதா, ஒரே இடத்தில் துணி கிழிபடுவது போன்ற சத்தம் வருகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது பள்ளத்தில் பிளாஸ்டிக் முழுதாக நிரம்பாததால் வருவது, கழுவினால் போகாது, திருப்பி அனுப்புவதுதான் வழி. சிகாகோவிலிருந்து நம் பக்கத்துக்கு எல்பி வரவழைத்தால் தபால் செலவு தட்டின் விலையைத் தொட்டுவிடும். கேப்சோலையும் டீப் சிட்டியையும் சிடியாக வாங்குங்கள், சிறுநூலும் கையில் வரும். ட்வைநைட்டுக்கு இசை விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப்பில் நிறுவனத்தின் பக்கத்தில் டிஜிட்டல் கோப்பு போதும். 45-ஆகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அமெரிக்கத் தட்டின் நடுத்துளை 38 மில்லிமீட்டர் என்பதை மறக்க வேண்டாம். கூடவே ஒரு உலோக அடாப்டரும் வாங்கிவிடுங்கள். மலிவு பிளாஸ்டிக்கில் தட்டு தளர்ந்து நகர்ந்தால், நேரான துளையும் மையம் தவறியது போலவே ஒலிக்கும்.