ஸ்மார்ட் டிவியில் அடல்ட் வீடியோ: எல்லா வழிகளையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு

பெரிய திரையில் அடல்ட் வீடியோ பார்க்க வழி கேட்டால், "இந்த ஆப்பைப் போடுங்கள், அந்த ஆப்பைப் போடுங்கள்" என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. படம் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் படம் தெரிய வைப்பது சுலபம். பார்த்து முடித்து அணைத்த பிறகு டிவியில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். போன் ஒருவருடைய பொருள், டிவி வீட்டுக்கே பொது. மறுநாள் காலையில் அதே ரிமோட்டைப் பிள்ளைகள் எடுப்பார்கள்.

எங்கள் வீட்டில் நாங்கள் இருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், அவ்வப்போது வந்து தங்கும் பெரியவர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து பேசி எடுத்த முடிவு என்பதால் இதில் ஒளிவுமறைவு ஏதும் எங்களுக்குள் இல்லை. ஆனால் அது எங்கள் இருவரோடு நிற்க வேண்டும் என்பதில் இரண்டு பேருமே உறுதியாக இருந்தோம். சில ஆண்டுகளாக ஒவ்வொரு வழியாகப் பயன்படுத்தியதில் எது நிலைத்தது, எது கழிந்தது என்று இங்கே எழுதுகிறேன். இது வயது வந்தவர்களுக்கான பகிர்வு. அவரவர் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப் ஸ்டோர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கூகுள் பிளே ஆபாச ஆப்களை அனுமதிப்பதில்லை, ஆப்பிளும் அப்படியே. டிவியில் செருகிப் படம் பார்க்கும் ரோக்கு கருவிகளில் ஒரு காலத்தில் குறியீடு ஒன்றைப் போட்டு, ஸ்டோரில் இல்லாத சேனல்களைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. 2022-இல் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். ஆகவே டிவியின் ஸ்டோரில் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஸ்டோரில் கிடைக்காததால்தான் பலர் ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஏபிகே ஃபைலை எங்கிருந்தோ இறக்கி ஆண்ட்ராய்டு டிவியில் ஏற்றுகிறார்கள். "எல்லாம் உள்ளேயே இருக்கிறது" என்று விற்கப்படும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை வாங்குகிறவர்களும் உண்டு. இந்த இரண்டையும் நான் வீட்டுக்குள் விடவில்லை. 2024-இல் வோய்ட் என்ற தீநிரல் (மால்வேர்) சுமார் 13 லட்சம் ஆண்ட்ராய்டு பெட்டிகளில் புகுந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, இதேபோலப் பெட்டிகளில் புகும் பேட்பாக்ஸ் 2.0 பற்றிப் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. இப்படிப்பட்ட பெட்டிகள் உங்கள் வீட்டு இணைய இணைப்பை வேறு யாரோ பயன்படுத்தத் திறந்துவிடுகின்றன. அவர்கள் செய்யும் காரியம் உங்கள் வீட்டு முகவரியிலிருந்து நடந்ததாகத்தான் வெளியே தெரியும். அந்தரங்கத்துக்காக வாங்கிய பெட்டியே அந்தரங்கத்தைக் கெடுப்பதை நம்மால் ஏற்க முடியுமா?

அடுத்தது டிவியிலேயே இருக்கும் பிரவுசர். சாம்சங், எல்ஜி டிவிகளில் பிரவுசர் உள்ளேயே வருகிறது. அமேசான் ஃபயர் டிவியில் சில்க் இருக்கிறது. அதற்கென வந்த ஃபயர்பாக்ஸை 2021-இல் நிறுத்திவிட்டார்கள். ஆப்பிள் டிவியில் பிரவுசரே கிடையாது. கேட்கும்போது இதுதான் நேர்வழி போலத் தோன்றும். நடைமுறையில் எனக்கு மிகவும் அலுத்துப்போன வழி இதுதான்.

ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு எழுத்தாக முகவரியைத் தட்ட வேண்டும். பக்கம் திறந்ததும் ஒரு விளம்பரம் முழுத் திரையையும் மூடும். அதை மூடும் குறி மூலையில் கடுகளவு இருக்கும். கர்சரை அங்கே நகர்த்துவதற்குள் இன்னொரு பக்கம் திறந்துகொள்ளும். விளம்பரத்தைத் தடுக்கும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) எதையும் இந்தப் பிரவுசர்களில் நான் சேர்க்க முடிந்ததில்லை.

இன்னொரு குறை வெளியே தெரியாது. டிவி பிரவுசர்கள் மிகவும் பழையவை. எல்ஜியின் 2018 மாடல்களில் வந்த வெப்ஓஎஸ் 4 என்ற டிவி மென்பொருளின் பிரவுசர், குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்தின் 53-ஆம் பதிப்பின் மேல் ஓடுகிறது. குரோம் 53 வந்தது 2016-இல். 2020-இல் வந்த வெப்ஓஎஸ் 5-இல் இருப்பது குரோமியம் 68. போனில் சில வாரங்களுக்கு ஒருமுறை பிரவுசர் புதுப்பிக்கப்படுகிறது. டிவியில் வாங்கிய நாளில் இருந்ததே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஏமாற்று விளம்பரங்கள் மலிந்த தளங்களுக்குப் பழைய பிரவுசரோடு போவதில் எனக்குச் சம்மதமில்லை. புதிய தளங்களின் பிளேயர்கள் இவற்றில் பல நேரம் ஓடுவதும் இல்லை.

பார்த்த தளங்களின் வரலாறு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல டிவி பிரவுசர்களில் வரலாற்றைச் சேமிக்காத தனிப்பட்ட முறை (பிரைவேட் மோட்) இருக்கிறது, ஆனால் மெனுவுக்குள் ஆழத்தில் இருக்கும். அதைப் போடாமல் பார்த்தால், அடுத்து யாராவது முகவரிப் பெட்டியில் முதல் எழுத்தைத் தட்டியதுமே பழைய தளத்தின் பெயர் கீழே வந்து நிற்கும். பிரவுசரின் முகப்பில் சமீபத்தில் பார்த்தவை சிறு படங்களாக வரிசைகட்டும் டிவிகளும் உண்டு. வேறு வழியே இல்லையென்றால் தனிப்பட்ட முறையில் பாருங்கள், முடித்ததும் வரலாற்றையும் குக்கீகளையும் அழித்துவிடுங்கள்.

சரி, போனிலிருந்து அனுப்புவது எப்படி? இதில் காஸ்ட், மிரர் என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். மிரர் என்றால் போன் திரையில் இருப்பது அப்படியே டிவிக்குப் போகும். மிராகாஸ்ட், ஏர்பிளே மிரரிங் எல்லாம் இந்த வகை. காஸ்ட் என்றால் போன் வெறும் வீடியோ முகவரியை மட்டும் கொடுக்கும். டிவியில் செருகிய குரோம்காஸ்ட் கருவியோ டிவியோ அந்த வீடியோவை நேரடியாக இணையத்திலிருந்து எடுத்து ஓட்டும். இணையப் போக்கை மறைக்கும் விபிஎன்னைப் போனில் நீங்கள் போட்டிருந்தாலும் டிவி தன் சொந்த வழியில்தான் போகும்.

காஸ்டில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நான் தைரியமாகப் பயன்படுத்தத் தொடங்கும் முன் ஒரு பாட்டு வீடியோவை ஹால் டிவிக்கு காஸ்ட் செய்து சோதித்தேன். அடுத்த அறையிலிருந்து என் மனைவி கூப்பிட்டு, "என்ன, பாட்டு கேக்கறீங்களா? என் போன்ல வருதே" என்றார். ஒரே வைஃபையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களில், எந்த டிவியில் என்ன ஓடுகிறது என்ற அறிவிப்பு நிறுத்தும் பொத்தானோடு வந்துவிடும். பல சமயம் வீடியோவின் தலைப்பே அதில் இருக்கும். பாட்டு என்பதால் சிரித்துவிட்டுப் போனோம். விருந்தாளிகளின் போன்கள் நம் வைஃபையில் இருக்கும் நாளில், வேறு தலைப்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூகுள் ஹோம் ஆப்பில் அந்தக் கருவியின் அமைப்புக்குள் போனால், மற்றவர்கள் காஸ்டைக் கட்டுப்படுத்தும் வசதியை நிறுத்தி வைக்கலாம். நான் அதை நிறுத்தியே வைத்திருக்கிறேன். அதன் பிறகும் இந்தத் தேவைக்குக் காஸ்ட் பக்கம் போவதில்லை.

மிரரில் இந்தத் தலைப்பு வெளியே போகும் தொல்லை இல்லை. ஆனால் படம் திக்கித் திக்கி வரும், வேகமான அசைவில் கட்டங்கட்டமாக உடையும். வாட்ஸ்அப் செய்தி வந்தால் அதுவும் பெரிய திரையில் வந்து விழும். டூ நாட் டிஸ்டர்ப் போட்ட பிறகே தொடங்குங்கள். அப்புறம், மிரர் முடிந்ததும் இணைப்பைத் துண்டித்தோமா என்று பார்ப்பது முக்கியம்.

கடைசியில் எங்களிடம் நிலைத்தது எச்டிஎம்ஐ கேபிள். பழைய முறைதான், ஆனால் எல்லாவற்றையும் விட நிம்மதியானது. மடிக்கணினியில் இதற்கென்றே ஒரு தனிப் பயனர் கணக்கு, அதற்குக் கடவுச்சொல், அதில் விளம்பரத் தடுப்போடு புதுப்பித்த பிரவுசர். டிவியைப் பொறுத்தவரை ஓர் எச்டிஎம்ஐ துளையிலிருந்து படம் வருகிறது, அவ்வளவுதான். கேபிளைக் கழற்றினால் டிவியின் முகப்பில் எதுவும் மிஞ்சுவதில்லை. படமும் வைஃபை தயவில் இல்லாமல் தெளிவாக வரும். விண்டோஸ் என்றால் விண்டோஸ் பொத்தானையும் பி-யையும் சேர்த்து அழுத்தி, இரண்டாவது திரை மட்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினித் திரை அணைந்து அறை இருட்டாக இருக்கும்.

போனிலிருந்து கேபிள் போடுகிறவர்கள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். யூஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே படம் வெளியே வந்துவிடாது. பல போன்களில் அந்தத் துளை சார்ஜுக்கும் ஃபைல் மாற்றவும் மட்டும்தான். ஐபோனில் 15 வரிசையிலிருந்து யூஎஸ்பி-சி வழியாகப் படம் வரும். ஆண்ட்ராய்டில் படத்தை வெளியே அனுப்பும் டிஸ்பிளேபோர்ட் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றியை வாங்குங்கள்.

பணம் கொடுத்து முறையாக இறக்கிய வீடியோக்களைப் பென் டிரைவில் போட்டும் பார்த்திருக்கிறேன். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட் நல்லது. சாம்சங்கின் 2018-க்குப் பிந்தைய டிவிகள் டிடிஎஸ் ஒலியை ஆதரிப்பதில்லை. படம் ஓடும், சத்தம் வராது. டிரைவைச் செருகியே விட்டுவிடாதீர்கள். வீட்டு சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: வீட்டுக் கருவிகளுக்குள் வீடியோவைப் பகிரும் டிஎல்என்ஏ முறையில் பகிர்ந்தால் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் எந்த டிவியிலும் ஃபோல்டர் பெயர் தெரியும், ஆளுக்கு ஆள் பூட்டு கிடையாது. பிளெக்ஸ் என்ற வீட்டு சர்வர் மென்பொருளில் ஒவ்வொரு பயனருக்கும் எந்தத் தொகுப்பு தெரியலாம் என்று பிரித்து வைக்கலாம்.

கேபிள் போட்டால் முழுப் பாதுகாப்பு என்று நானும் சொல்லமாட்டேன், காரணம் ஏசிஆர். திரையில் ஓடும் காட்சியிலிருந்து டிவி நொடிக்குப் பலமுறை கைரேகை போன்ற ஓர் அடையாளத்தை எடுத்து, அது என்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கத் தன் நிறுவனத்துக்கு அனுப்பும் தொழில்நுட்பம் இது. 2017-இல் விசியோ நிறுவனம், பார்ப்பவர்களின் சம்மதம் இல்லாமல் இப்படித் தகவல் திரட்டியதற்காக அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டியது. 2024-இல் சாம்சங், எல்ஜி டிவிகளை ஆராய்ந்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எச்டிஎம்ஐ வழியாக வெளிக்கருவியை இணைத்திருக்கும்போதும் இந்தக் கண்காணிப்பு நடக்கிறது என்று காட்டினார்கள். அதாவது டிவியை வெறும் மானிட்டராகப் பயன்படுத்தினாலும் அது பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் வீடியோ அவர்கள் பட்டியலில் பொருந்துமா பொருந்தாதா என்பது இரண்டாவது விஷயம். படுக்கையறைத் திரையின் அடையாளம் வீட்டுக்கு வெளியே போவதே எனக்கு ஒப்பவில்லை.

நல்ல செய்தி, இதை நிறுத்த முடியும். நிறுத்தினால் அந்தத் தகவல் போவதும் நிற்கிறது என்பதையும் அதே ஆய்வு உறுதி செய்தது. சாம்சங்கில் வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ், எல்ஜியில் லைவ் பிளஸ் என்ற பெயரில் இருக்கும். சோனி ஆண்ட்ராய்டு டிவிகளில் சாம்பா டிவி என்று தேடுங்கள். டிவியை முதலில் அமைக்கும்போது வரும் "எல்லாவற்றுக்கும் சம்மதம்" பொத்தானை அழுத்தியிருந்தால் இவை ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். நாங்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் படுக்கையறை டிவிக்கு வைஃபை கடவுச்சொல்லையே கொடுக்கவில்லை. இணையம் மடிக்கணினிக்கு மட்டும்தான். ஹால் டிவியை இந்தத் தேவைக்குத் தொடுவதே இல்லை.

சத்தத்துக்கு ப்ளூடூத் ஹெட்போன் போடுகிறவர்கள் கவனிக்க: பேட்டரி தீர்ந்து ஹெட்போன் அணைந்தால் சத்தம் உடனே டிவி ஸ்பீக்கருக்குத் தாவும். இரவு நேரத்தில் இதைவிடச் சங்கடம் வேண்டாம். தொடங்கும் முன்னாலேயே டிவி ஸ்பீக்கர் ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள். மடிக்கணினியில் வயர் ஹெட்போன் என்றால் இந்தக் கவலையே இல்லை.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நாம் பார்ப்பது அவர்கள் கண்ணில் படாமல் இருப்பது மட்டும் போதாது, அவர்களாகத் தடுக்கி விழாமலும் இருக்க வேண்டும். ஹால் டிவியில் பிரவுசருக்கும் ஆப் ஏற்றுவதற்கும் பின் எண் போட்டிருக்கிறோம். ஹால் டிவிக்கும் பிள்ளைகளின் டேப்லெட்டுக்கும் தளத்தின் பெயரை வைத்து அதன் இணைய முகவரியைக் கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ் சேவையின் முகவரியாக 1.1.1.3 கொடுத்திருக்கிறேன். கிளவுட்ஃபிளேர் 2020-இல் தொடங்கிய இலவசச் சேவை இது, அடல்ட் தளங்களையும் தீநிரல் தளங்களையும் திறக்கவிடாது. சூட்டிகையான பிள்ளை இதைத் தாண்டலாம், ஆனால் தவறுதலாகப் போய்ச் சேருவதை இது நன்றாகவே தடுக்கிறது.

எங்கிருந்து பார்ப்பது என்பதில் எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நடிப்பவர்களின் அடையாளமும் வயதும் சம்மதமும் சரிபார்க்கப்பட்ட, பணம் கட்டும் தளங்களை மட்டுமே பயன்படுத்துகிறோம். யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று திறந்து வைத்த தளங்களில், சம்மதம் இல்லாமல் எடுத்ததும் கலந்து கிடக்கும். 2020 டிசம்பரில் போர்ன்ஹப், அடையாளம் சரிபார்க்கப்படாதவர்கள் ஏற்றிய லட்சக்கணக்கான வீடியோக்களை மொத்தமாக எடுக்க வேண்டிவந்தது அதனால்தான். யாரோ ஒரு பெண்ணின் வேதனையை நாங்கள் பொழுதுபோக்காகப் பார்த்துவிடக் கூடாது என்று என் மனைவி ஆரம்பத்திலேயே சொன்னார். அதை மீறியதில்லை.

இப்போது பல நாடுகளில் வயதுச் சரிபார்ப்பும் வந்துவிட்டது. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் அது கட்டாயம். டிவி பிரவுசரில் இதை முடிப்பது பெரும்பாடு, போனிலோ கணினியிலோ முடிப்பதுதான் எளிது. கேபிளுக்கு நாங்கள் மாறியதற்கு இதுவும் ஒரு கூடுதல் வசதியாக அமைந்தது.

டிவியை விற்கும்போதோ உறவினருக்குக் கொடுக்கும்போதோ ஃபேக்டரி ரீசெட் செய்யாமல் கொடுக்காதீர்கள். பிரவுசர் வரலாறு, வைஃபை கடவுச்சொல், உள்நுழைந்த கணக்குகள் எல்லாம் அதில்தான் இருக்கும். ரீசெட் முடிந்ததும் போனில் உங்கள் கூகுள், அமேசான் கணக்குகளின் கருவிப் பட்டியலைத் திறந்து, அந்த டிவியின் பெயரை அங்கிருந்தும் நீக்கிவிடுங்கள்.